பிடிமண்

கண்மாய் வற்றி, கடைசிச் சேற்றில் கிடந்த மீனையும் ஊரே இறங்கி அழித்து முடித்த பிறகுதான் வேளார் தாத்தா எங்கள் ஊருக்கு வருவார். மீன்பிடி அன்று அம்பலகாரர் கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். ஊத்தாவும் கச்சாவலையுமாகக் காத்திருந்த கூட்டம் அலறிக்கொண்டு இறங்கும். அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் எந்த வீட்டு அடுப்பில் என்ன மீன் என்று வாசனையை வைத்தே சொல்லிவிடலாம். அது அடங்கி, சேறு வெடிப்பு விட்டுக் காயத் தொடங்கினால், அய்யனாருக்கு மண்குதிரை செய்து வைக்கிற புரவி எடுப்பு இருக்கிற வருஷமாக இருந்தால், ஊர்க்கூட்டம் போடுவார்கள்.

திருமயத்துக்குத் தெற்கே இருந்தது எங்கள் ஊர். புதுக்கோட்டை மாவட்டத்தில் மட்டும் 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் உண்டு என்பது பள்ளிக்கூடம் போன பிறகு தெரிந்துகொண்ட கணக்கு. சின்ன வயதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதன் கரையில் அய்யனார் கோயில். கோயிலுக்கு முன்னால் வரிசையாக மண்குதிரைகள், சிலதுக்குத் தலை இல்லை, சிலதுக்குக் கால் இல்லை. பின்னால் கோயில்காடு.

புரவி எடுப்பது என்று முடிவானதும் ஊர் சார்பில் அம்பலகாரர் கண்மாய்க்குள் இறங்கி ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து, வெற்றிலை பாக்கோடும் பணத்தோடும் வேளாரிடம் கொடுப்பார். அதற்குப் பிடிமண் கொடுப்பது என்று பெயர். பிடிமண் வாங்கிவிட்டால் வேளார் குடும்பம் விரதம். ஊருக்கும் கட்டுப்பாடு உண்டு. குதிரை கோயில் போய்ச் சேரும்வரை பச்சை மரம் வெட்டக் கூடாது, வெளியூர் போனவர்கள் ராத்தங்கக் கூடாது என்று அப்பத்தா ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். கேட்டவர்கள் பாதிப் பேர், மீறியவர்கள் பாதிப் பேர். மீறியவர்களும் ஒளிந்துதான் மீறினார்கள்.

எனக்குப் பிடித்த வேலை மண் மிதிப்பது. வேளார் தாத்தா மண் எடுக்கிற இடத்தை அவரே காட்டுவார். மடைக்கு நேரே, உள்வாயில், வண்டல் கூடிக் கிடக்கிற இடமாகத்தான் அது இருக்கும். கரையோரத்தில் மண்வெட்டியை வைக்க விட மாட்டார். ஒருமுறை மாமா ஒருவர் அலுப்புப்பட்டுக் கரையடியிலேயே வெட்டப் போனார். தாத்தா சத்தமே போடவில்லை. மண்வெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, "கரையத் தோண்டுன மண்ணுல குதிரை செஞ்சா அது அய்யனாரைத் தூக்காதுப்பா" என்றார். வண்டலை எடுத்தால் கண்மாய் ஆழமாகும், கரையை எடுத்தால் கண்மாய் போய்விடும் என்று எனக்குப் பொறியியல் படித்த யாராவது பிறகு விளக்கியிருக்கலாம். தாத்தா சொன்ன காரணம்தான் இன்றுவரை முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

வெட்டிய மண்ணைப் பொட்டலில் கொட்டித் தண்ணீர் விட்டு ஊறவைப்பார்கள். மணலும் உமியும் நறுக்கிய வைக்கோலும் கலந்து மிதிக்க வேண்டும். அதற்குப் பிள்ளைகளைத்தான் விடுவார்கள், கூலி இல்லாத கால்கள் என்பதால். உமி காலில் குத்தும். கல் தட்டுப்பட்டால் குனிந்து எடுத்து வெளியே போட வேண்டும். ஒரு சின்னக் கல் தங்கிவிட்டால் சூளையில் குதிரையின் வயிறு வெடித்துவிடும் என்று தாத்தா பயமுறுத்தி வைத்திருந்தார். வெடித்தால் அது யார் மிதித்த மண் என்று அய்யனாருக்குத் தெரியும் என்று என் தம்பியிடம் நான் சேர்த்துச் சொல்லி வைத்தேன்.

முதலில் நான்கு கால்கள். உள்ளே கூடான தூண்கள், அரிசி உலக்கையைவிடப் பருமன். அவை ஓரளவு இறுகிய பிறகுதான் மேலே வயிறு. மண்ணைத் திரித்துச் சுற்றிச் சுற்றி ஏற்றி, உள்ளே ஒரு கையை வைத்து வெளியே மரத்தட்டால் தட்டித் தட்டி வளைவு கொண்டுவருவார். ஒரே நாளில் ஏற்ற மாட்டார். ஈரத்துணி போர்த்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். மறுநாள் வந்து தொட்டுப் பார்ப்பார். கழுத்து, மார்பு, பிறகு தலை. மார்பில் மணிச்சரமும், அதன் நடுவே முழித்த கண்ணோடு ஒரு யாளி முகமும். காது மட்டும் தனியாகச் செய்து கடைசியில் ஒட்டுவார். பிறகு வரட்டியும் வைக்கோலும் அடுக்கி மேலே மண் பூசிச் சூளை போடுவார்கள். ராத்திரி முழுக்கப் புகையும். சுட்ட குதிரைக்குச் சுண்ணாம்படித்து, காவியும் நீலமும் தீட்டி, திருவிழா அன்று வைக்கோல் பிரி சுற்றி, கட்டை கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். போகும்போது கண் கட்டியிருக்கும். கோயிலில்தான் கண் திறப்பு.

எல்லாரும் திருவிழாவைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். எனக்கு அதற்கப்புறம் நடந்ததுதான் ஆச்சரியமாக இருந்தது: ஒன்றும் நடக்காது. குதிரையை யாரும் பழுது பார்ப்பதில்லை. வெயிலிலும் மழையிலும் அது அங்கேயே நின்று, வண்ணம் உதிர்ந்து, காது உடைந்து, சில வருஷத்தில் சரிந்து, கரைமண்ணோடு மண்ணாகும். கேட்டால் அப்பத்தா, "எடுத்த எடத்துக்கே போகுது, அதுக்கு என்ன இப்ப" என்பாள்.

கோயில்காட்டுக்குள் சுள்ளி பொறுக்கக்கூட அனுமதி இல்லை. வீரை, உலக்கைப்பாலை, காசான், காரை, குருந்து என்று உள்ளே வெயில் தரையைத் தொடாத அடர்த்தி. பழம் தின்னலாம், ஒடிக்கக் கூடாது. பாலைப்பழத்தின் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்க விடாது. காட்டுக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில், காகித ஆலைக்கென்று நட்ட தைலமரங்கள் அளவெடுத்த வரிசையில் நின்றன. ஊரில் அதற்கு ஆரெஸ்பதி மரம் என்று பெயர். அங்கே நிழலும் இல்லை, பழமும் இல்லை, குருவி கூடு கட்டி நான் பார்த்ததில்லை. அங்கே சுள்ளி பொறுக்கினால் காவலர் விரட்டுவார். இங்கே பொறுக்கினால் விரட்ட யாரும் இல்லை. ஆனாலும் நாங்கள் அங்கேதான் பொறுக்கினோம்.

இதையெல்லாம் சுற்றுச்சூழல் என்று யாரும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது 1991-இல், ஒரு நாடகத்தில்.

அந்த வருஷம் எங்கள் மாவட்டமே ஒரு மாதிரி கிறுக்குப் பிடித்துத் திரிந்தது. அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியர். ராத்திரியானால் தெருவிளக்கின் அடியிலும் திண்ணையிலும் பெண்கள் சிலேட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். கல்லுடைக்கப் போன பெண்களும் களையெடுக்கப் போன பெண்களும் வாடகைச் சைக்கிள் எடுத்து விழுந்து எழுந்து ஓட்டப் பழகினார்கள். என் அம்மா தொண்டரிடம் முதலில் எழுதிக் காட்டச் சொல்லிக் கேட்டது அவள் பெயரை அல்ல, 'பட்டா' என்ற சொல்லை. எங்கள் வீட்டில் அப்போது ஒரு வரப்புத் தகராறு ஓடிக்கொண்டிருந்தது.

இதற்கெல்லாம் முன்னோடியாக ஊர் ஊராக வந்தவை கலைக்குழுக்கள். கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் 1980-இல் தொடங்கிய கலாஜாதாவிலிருந்து கிளம்பிய வழி அது என்பதைப் பெரியவளாகிப் படித்துத் தெரிந்துகொண்டேன். அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக் கூடாது என்று அந்த இயக்கமும் மலையாளக் கவிஞர்களும் சேர்ந்து நின்ற காலம் அது. 1984-இல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பிறகு 1990 அக்டோபர், நவம்பரில் நாடு முழுக்க அறிவியல் கலைப்பயணம். தமிழ்நாட்டில் அதை எடுத்து நடத்தியது அறிவியல் இயக்கம். எங்களுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. எங்களுக்கு அது 'அறிவொளிக்காரங்க நாடகம்'.

சாயங்காலம் ஒரு வண்டியில் வந்து இறங்கினார்கள். ஆண்களும் பெண்களுமாக ஒரே நிறத்தில் ஜிப்பா. அக்காமார்களும் ஜிப்பா போட்டிருந்ததை அப்பத்தா நாலு நாள் பேசினாள். தப்பு அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். அந்தத் தப்பை இழவு வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் மட்டுமே கேட்டிருந்த ஊர், யார் செத்தது என்று வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தது. மேலத்தெரு, கீழத்தெரு, காலனி என்று எல்லா இடத்துக்கும் அதே தப்பு, அதே பாட்டு. காலனிக்காரர்களும் மேலத்தெருக்காரர்களும் ஒரே பொட்டலில் ஒரே வட்டமாக உட்கார்ந்து பார்த்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல். வட்டத்துக்குள்ளும் இடைவெளி விட்டுத்தான் உட்கார்ந்தார்கள். அதையும் சொல்ல வேண்டும்.

மேடை இல்லை, திரை இல்லை. நடுவில் ஒரு பெட்ரோமாக்ஸ். முதலில் படிப்பைப் பற்றி ஒரு நாடகம், பிறகு வயிற்றுப்போக்குக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல். ரெண்டும் சுமார்தான். வாத்தியார் பாடம் எடுக்கிறதை ஆடிக்கொண்டே எடுத்தால் நாடகமாகிவிடும் என்று அவர்களும் நம்பியிருந்தார்கள் போலிருக்கிறது. பிள்ளைகள் கொட்டாவி விட்டோம். மூன்றாவதுதான் கண்மாய் நாடகம்.

ஒரு அண்ணன் தரையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, தான்தான் கண்மாய் என்றார். ரெண்டு பேர் கையைக் கோத்து அவருக்குக் கரையானார்கள். ஒருவர் வந்து கரையில் கொஞ்சம் வெட்டிக்கொண்டு போனார். ஒருவர் வரத்துவாரியில் வேலி போட்டார். சீமைக்கருவேலமாக நடித்த அக்கா விரல்களை முள்ளாக விரித்துக்கொண்டு கண்மாயின் நெஞ்சில் ஏறி நின்றாள். சுற்றுச்சூழலைக் காப்போம் என்று எல்லாரும் சேர்ந்து கையை உயர்த்தினார்கள். ஊர் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. சங்கடத்தில் வந்த அமைதி அது. வரத்துவாரியில் வேலி போட்டவர்கள் வட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போதுதான் மடை திறக்கிற காட்சி வந்தது. ஒரு அண்ணன் கண்மாயின் தலைமாட்டில் நின்று, ஏதோ சக்கரத்தைச் சுழற்றுகிற மாதிரி கையைச் சுற்றினார்.

"ஏப்பா, நிறுத்துப்பா."

நீர்ப்பாய்ச்சித் தாத்தா எழுந்துவிட்டார். எங்கள் கண்மாய்க்கு மடை திறந்து, வயலுக்கு வயல் தண்ணீரை அளந்து விடுகிற வேலை பரம்பரையாக அவருடையது. காலனியில் குடி. அறுப்பு முடிந்ததும் களத்தில் நெல்லாக அவருக்குக் கூலி. கூட்டத்தில் அவர் பேசி நான் கேட்டதில்லை. கூட்டத்துக்கு அவரைக் கூப்பிட்டே நான் பார்த்ததில்லை.

"எங்க கம்மாவுல சக்கரம் ஏதுப்பா? முங்கித்தான் தொறக்கணும். நீ செய்யுறது டவுன் டேமு."

கூட்டம் சிரித்தது. நடிகர் கொஞ்சம் திகைத்தார். பிறகு அந்தக் குழுவின் கெட்டிக்காரத்தனம் வெளிப்பட்டது. படுத்திருந்த 'கண்மாய்' தலையை மட்டும் தூக்கி, "அப்ப நீங்களே வந்து தொறந்துவிடுங்க அய்யா" என்றது.

தாத்தா துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வட்டத்துக்குள் வந்தார். முதலில் கையால் இரண்டு கல்தூண்களைக் காற்றில் நட்டார். குறுக்கே கல்லைப் போட்டார். அதன் கீழே கல்தொட்டி, மேல்பக்கம் நீரோடித் துளை, அடியில் சேறோடித் துளை. தண்ணீர் மேல்துளையில் போகும், வண்டல் அடித்துளையில் வயலுக்குப் போகும் என்று சொல்லிக்கொண்டே செய்து காட்டினார். இவ்வளவு காலம் அந்தத் தூண்களில் ஏறிக் குதித்து விளையாடிய எங்களுக்கு அடியில் இப்படி ஒன்று இருப்பதே அன்றுதான் தெரியும். பிறகு தெற்கே பார்த்து அய்யனாரைக் கும்பிட்டார். மூச்சைப் பிடித்து, பொட்டல் புழுதியில் முங்கினார்.

சும்மா குனிந்தார் என்று சொல்ல முடியாது. முங்கினார். கன்னம் உப்பியது. கண் மூடியது. ஒரு கை தூணைப் பிடித்துக் கீழே கீழே இறங்கியது. இன்னொரு கை கட்டையைத் தேடியது. தட்டுப்பட்டதும் தோள் நரம்பு புடைத்தது. கூட்டத்தில் சத்தமே இல்லை. எனக்குப் பக்கத்தில் தம்பியும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான், நானும் பிடித்துக்கொண்டிருந்தேன். தாத்தா கட்டையை உருவிக்கொண்டு மேலே வந்து 'ஊ' என்று மூச்சு விட்டபோது மொத்தப் பொட்டலும் மூச்சு விட்டது. தப்பு அடிக்கிற அண்ணன் சரியாக அந்த இடத்தில் அடி கொடுத்தார். ஒத்திகை பார்த்தாலும் அப்படி வந்திருக்காது.

அதற்குப் பிறகு நாடகம் அவர் கைக்குப் போய்விட்டது. போன வருஷம் கட்டையை உருவியபோது தண்ணீர் எந்த உயரம், அதற்கு முந்தி எந்த உயரம் என்று தன் உடம்பில் தொட்டுத் தொட்டுக் காட்டினார். கழுத்து, நெஞ்சு, இடுப்பு. "இனிமே முங்க வேண்டாம். குனிஞ்சாப் போதும்" என்று முடித்துக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். அவர் வாயில் சுற்றுச்சூழல் என்ற சொல் வரவே இல்லை.

கலைகளைக் கொண்டு விழிப்புணர்வு ஊட்டுவது பற்றி இப்போது நிறையக் கூட்டம் போடுகிறார்கள். மரம் நடுவோம் என்று எழுதிய பதாகையைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு பல முடிந்துவிடுகின்றன. எனக்கு அங்கெல்லாம் போனால் நீர்ப்பாய்ச்சித் தாத்தா எழுந்து 'நிறுத்துப்பா' என்று சொல்ல இடம் விட்டிருக்கிறார்களா என்றுதான் பார்க்கத் தோன்றும். அந்தக் குழு விட்டது. அதோடு அதை எடுத்துக்கொண்டும் போனது. ரெண்டு மாதம் கழித்து அரிமளம் பக்கத்தில் சித்தி ஊருக்குப் போனபோது, அங்கே வந்த நாடகத்தில் ஒரு தாத்தா முங்கி மடை திறந்தாரே, பார்த்தாயா என்று சித்தி மகள் என்னிடம் கேட்டாள். நடித்தவர் இருபது வயது அண்ணனாம், ஒட்டுத் தாடி. எங்கள் ஊர்த் தாத்தாவாக்கும் அது என்று நான் அடித்துச் சொன்னதை அவள் நம்பவில்லை.

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அதற்கப்புறம் வேறு விளையாட்டே கிடையாது. யார் கண்மாய், யார் கருவை, யார் முங்குகிறது என்று சண்டை. கருவையாக நடிக்க அத்தனை போட்டி, நெஞ்சில் ஏறி மிதிக்கலாம் என்பதால்.

பெரியவர்களில் ஆண்கள் அதை மறந்துபோனார்கள் என்றே நினைத்தேன். பெண்கள் மறக்கவில்லை. அது தெரிந்தது மறு வருஷம் பங்குனியில், முளைப்பாரிக்கு.

முளைப்பாரி போட்டு வீட்டுக்குள் இருட்டில் தானியம் முளைக்கிற நாட்களில் ராத்திரி தோறும் கோயில் முன்னால் கும்மி. நடுவில் பாரி, சுற்றிலும் பெண்கள். பாட்டுக்கென்று ஏட்டில் எதுவும் இல்லை. ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அறிவொளி வகுப்பில் ராத்திரி ராத்திரி ஒன்றாக உட்கார்ந்து பழகிய பெண்கள் அந்தக் கூட்டத்தில் பாதிக்கு மேல். கலைக்குழுவின் மெட்டு ஒன்று அவர்கள் வாயில் ஒட்டியிருந்தது. என் அம்மாதான் முதலில் எடுத்தாளா, பக்கத்து வீட்டு அத்தையா என்பதில் இன்றுவரை எங்கள் வீட்டில் வழக்கு. அந்த மெட்டில் வரத்துவாரியைப் பாடினார்கள்.

தண்ணீர் காட்டிலிருந்து கிளம்புகிறது. எங்கே எங்கே போகிறது என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் அது போகிற வழியைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். புளியடிச் செய்யில் வந்து நிற்கிறது. ஏன் நிற்கிறது? வரப்பு ரெண்டு முழம் நகர்ந்திருக்கிறது. கோணச் செய்யில் வந்து நிற்கிறது. ஏன் நிற்கிறது? அங்கே ஒருத்தர் வேலி நட்டிருக்கிறார். ஆள் பெயர் சொல்லவில்லை, செய்யின் பெயர்தான். எந்தச் செய் யாருடையது என்று தெரியாதவர் ஊரில் யாரும் கிடையாது. கைத்தட்டு சீராக விழுந்துகொண்டிருந்தது. சாமி காரியத்தில் பாடுகிறதை நிறுத்தச் சொல்லவும் முடியாது.

கோணச் செய்க்காரர் மேலத்தெருவில் பெரிய தலை. திண்ணையை விட்டு எழுந்து, "என்ன பாட்டு இது, யாரு எடுத்துக் குடுக்குறது?" என்று வந்தார். கும்மி வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. அவர் எதிரே வந்த முதல் முகம் அவர் வீட்டு அம்மாவுடையது. அந்த அம்மா தட்டிய தட்டில் வளையல் உடைந்ததாக ஊரில் சொல்வார்கள். வளையல் உடைந்ததை நான் பார்க்கவில்லை. தட்டியதைப் பார்த்தேன்.

முளைப்பாரியைக் கண்மாயில் கரைத்து வந்த பிறகு சித்திரைக் கடைசியில் வாரி வெட்ட ஊர் இறங்கியது. வீட்டுக்கு ஒரு ஆள், ஆள் வராத வீடு பணம். பழைய குடிமராமத்து முறைதான், நின்று போய் எத்தனையோ காலமாகியிருந்தது. நாடகம் பார்த்ததால் இறங்கினார்களா, கும்மிக்குப் பயந்தா, அந்த மாசி கோடையாகவே வந்ததாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. நீர்ப்பாய்ச்சித் தாத்தா முன்னால் நடந்து வாரியின் பழைய தடத்தைக் குச்சியால் கீறிக்கொண்டே போனார். முதல் முறையாக அவர் சொன்ன இடத்தில் மேலத்தெரு மண்வெட்டி விழுந்தது. கருவையை வெட்டினார்கள், வேரோடு பிடுங்கவில்லை. மறு வருஷமே அது தழைத்து வந்தது வேறு கதை. கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவர்களுக்கு அதில் வருத்தமும் இல்லை.

கோணச் செய்க்கு வந்ததும் எல்லாரும் நின்றார்கள். செய்க்காரர் அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார், கையில் மண்வெட்டியோடு, வெட்டவா தடுக்கவா என்று தெரியாமல். எல்லைக்கல்லைக் காட்டி, "இதுக்கு அந்தப் பக்கம் ஒரு கொத்து விழுந்தாலும் நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றார்.

அவர் வீட்டு அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "கல்லு அங்கயா இருந்துச்சு? நான் வாக்கப்பட்டு வந்தப்ப அந்தப் பூவரசுக்குப் பக்கத்துலல்ல கெடந்துச்சு?" என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டாள்.

ரொம்ப நேரம் பேச்சு நடந்தது. பூவரசு வரைக்கும் அவர் விடவில்லை. கல் பாதி தூரம் போனது.